ரிசல்ட் வந்துருச்சுங்க, சரி. தரவைப் பார்த்தியா?

கோவையில் மரபணுத் தரவுகளை அலசுவதுதான் என் வேலை. சனிக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்குச் சொல்லியும் தருகிறேன். கோபியிலிருந்து வரும் ஒரு மாணவி போன மாதம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "அக்கா, ரிசல்ட் வந்துருச்சுங்க" என்றாள். பட்டியலில் ஒரு ஜீனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் செப்டம்பர் 2 என்ற தேதி இருந்தது. 'செப்ட்2' என்ற ஜீனை எக்செல் தேதியாக மாற்றிவிட்டிருந்தது. உலகம் முழுக்க இந்தக் குழப்பம் நடந்து, 2020-ல் அந்த வகை ஜீன்களின் பெயரையே மாற்றினார்கள். இப்போது அது 'செப்டின்2'.

இந்தப் பிழையாவது கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குப் பயம் சத்தமில்லாமல் வரும் பிழைகளிடம்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஐந்து வயதுப் பையன் ஒருவனின் எக்ஸோம் தரவு, அதாவது புரதங்களுக்கான மரபணுப் பகுதிகளை மட்டும் படித்த தரவு, என்னிடம் வந்தது. எல்லாப் படிகளும் தடையில்லாமல் ஓடின. நோய்க்குப் பொருந்துகிற மாதிரி ஒரு வேரியண்ட்டும் (மரபணு எழுத்தில் ஒரு மாற்றம்) கிடைத்தது. அறிக்கை எழுத உட்கார்ந்தபோது சீனியர் கேட்டார், "ஒய் குரோமோசோம்ல ரீட் இருக்கான்னு பாத்தியாம்மா?" ரீட் என்பது கருவி படித்துத் தரும் டிஎன்ஏ துண்டு; ஒய் ஆண்களிடம்தான் இருக்கும். பார்த்தேன். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எக்ஸ் குரோமோசோம் இரண்டு பிரதிகள் இருந்தன. எங்கேயோ ரத்தக் குழாய் (டியூப்) மாறியிருக்கிறது, அந்தத் தரவு ஒரு பெண் குழந்தையுடையது. எந்த மென்பொருளும் 'எர்ரர்' காட்டவில்லை. மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னோம். அன்று அனுப்பியிருந்தால் இரண்டு குடும்பங்கள் தவறான பதிலோடு வீட்டுக்குப் போயிருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் கை சில்லிடுகிறது.

என் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவர். எந்தப் பீஸையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் அடுக்க மாட்டார். பிள்ளைகளிடம் நான் கேட்பதும் அதைத்தான். கருவி தரும் தர மதிப்பெண் க்யூ30 என்றால் ஆயிரம் டிஎன்ஏ எழுத்துக்கு ஒன்று தப்பாக இருக்க வாய்ப்புண்டு என்று பொருள். அந்தத் தரம் ரீடின் கடைசியில் எப்படிக் குறைகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். எந்த ரெஃபரன்ஸில், அதாவது ஒப்பிடுவதற்கான மாதிரி மனித மரபணு வரிசையில், பொருத்தியது என்று முதலில் கேளுங்கள். 2009-ன் 37-ஆம் பதிப்பிலும் 2013-ன் 38-ஆம் பதிப்பிலும் ஒரே வேரியண்ட்டுக்கு வேறு வேறு இட எண் இருக்கும். மரபணுப் பகுதிகளைப் பட்டியலிடும் பெட் கோப்பு பூஜ்யத்திலிருந்து எண்ணும், வேரியண்ட்டுகளைப் பட்டியலிடும் விசிஎஃப் கோப்பு ஒன்றிலிருந்து எண்ணும். ஓரிடம் தள்ளிப்போனால் பக்கத்து எழுத்தைப் படித்துக்கொண்டிருப்போம்.

நம் பக்கத்துக்கென்று ஒரு விஷயம் உண்டு. மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் இங்கே இன்னும் நடக்கிறது. அப்படிப் பிறக்கும் குழந்தையின் மரபணுவில் சராசரியாக 16-ல் ஒரு பங்கு, தாய்மாமனைக் கட்டியிருந்தால் 8-ல் ஒரு பங்கு, இருபுறமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாக இருக்கும். நோய்க்குக் காரணம் பெரும்பாலும் அந்த நீளமான ஒத்த பகுதிகளில்தான் கிடைக்கும், அங்கே முதலில் தேட வேண்டும். ஐரோப்பியத் தரவில் அரிது என்பதை மட்டும் வைத்து எதையும் நோய்க் காரணம் என்று எழுதக் கூடாது. இதயத் தசை சார்ந்த எம்ஒய்பிபிசி3 ஜீனில் 25 எழுத்து விடுபட்ட ஒரு வடிவம் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தினரில் ஏறக்குறைய 4 சதவீதம் பேரிடம் அது இருப்பதை 2009-ல்தான் ஓர் ஆய்வு காட்டியது.

பயிர் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கைதான். 1912 முதல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாம் பயிரிடும் கரும்பில் நூற்றுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள். மனிதனைப் போல இரண்டு பிரதி என்ற அமைப்பிலேயே மென்பொருளை ஓட்டினால் பல வேரியண்ட்டுகள் தவறாகிவிடும்.

மூன்றே மாதத்தில் வேலை என்று சொல்லும் பயிற்சிக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். வேண்டாங்க. கேலக்ஸி என்ற மரபணுத் தரவு அலசும் இணையதளத்தில் பிரௌசரிலேயே இலவசமாகப் பழகலாம், பொதுத் தரவு ஏராளமாகக் கிடைக்கிறது. லினக்ஸும் புள்ளியியலும் கைவர ஒரு வருடமாவது ஆகும். ஒன்று மட்டும் கண்டிப்பு: நோயாளியின் தரவைப் பொதுத் தளத்தில் ஏற்றாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்பாதீர்கள்.

கோபி மாணவி அடுத்த சனிக்கிழமை ரீடுகளைக் கண்ணால் பார்க்க உதவும் ஐஜிவி மென்பொருளைத் திறந்து காட்டினாள். வேரியண்ட்டைத் தாங்கிய ரீடுகள் அத்தனையும் ஒரே திசையில் ஓடின. எதிர்த்திசையில் ஒன்றுகூட இல்லை. உண்மையான வேரியண்ட் பொதுவாக இரு திசை ரீடுகளிலும் தெரியும். "இது நெசமில்லீங்கக்கா" என்றாள்.