வாத்துக்குத் தீவனத்தை எந்த வாரத்தில் குறைப்பது?

மூன்று வார வாத்துக்குஞ்சைக் கையில் எடுத்து நெஞ்சைத் தடவிப் பாருங்கள். நடு எலும்பு கத்தி விளிம்புபோல விரலில் தட்டும். கறி என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. தொடையோ அப்போதே திரண்டிருக்கும். அதே வாத்தை ஏழாவது வாரத்தில் தூக்கினால் அந்த எலும்பைத் தேட வேண்டியிருக்கும்.

குஞ்சு பொரித்த அன்றே நடக்கவும் நீந்தவும் கால் வேண்டும். சிறகடிக்கும் நெஞ்சுத் தசைக்கு அவசரமில்லை. காட்டு மல்லார்ட் வாத்தே பறக்க 50 முதல் 60 நாள் எடுத்துக்கொள்ளும். அதன் வழிவந்த, கறிக்காக வளர்க்கும் பெக்கின் வாத்து பறக்கப்போவதில்லை. ஆனாலும் பழைய கால அட்டவணை அதன் உடம்பை விட்டுப் போகவில்லை. அதனால்தான் தீவனத்தை எவ்வளவு குறைக்கிறோம் என்பதைவிட எந்த வாரத்தில் குறைக்கிறோம் என்பது பெரிய கேள்வி.

சரி, குறைப்பதே எதற்கு? கொழுப்புக்காகத்தான். சுமார் 50 கிராமில் பிறக்கும் பெக்கின் குஞ்சு ஆறேழு வாரத்தில் 3 கிலோவைத் தொடும். நீர்ப்பறவை என்பதால் குளிர் தாங்கத் தோலுக்கடியில் கொழுப்பையும் அடுக்கிக்கொள்ளும். தின்ற தீவனத்தில் முதல் பங்கு உயிரை ஓட்டுவதற்குப் போகிறது, அடுத்தது எலும்புக்கும் தசைக்கும். மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி, ரத்தம் வழியாகத் தோலடிக்கும் வயிற்றுக்கும் அனுப்புகிறது. பறவைகளுக்குக் கொழுப்புத் தொழிற்சாலை பெரும்பாலும் கல்லீரல்தான். அளவாகக் குறைத்தால் முதலில் காணாமல் போவது அந்த மிச்சம். பாதியாக வெட்டினால் தசை வளர்வதும் தடைப்படும்.

முதல் வாரத்தில் கை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தசை நார்களின் எண்ணிக்கை முட்டைக்குள்ளேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது; பிறகு அவை பருப்பதற்கு, நார்களை ஒட்டியிருந்து அவற்றை வளர்க்கும் துணைசெல்கள் பெருக வேண்டும், அந்த வேலை மும்முரமாக நடப்பது பொரித்த முதல் நாட்களில். அதற்கப்புறம் சில நாள் குறைத்துவிட்டு மறுபடி வயிறாரப் போட்டால், வாத்து விட்டதைப் பிடிக்க ஓடும். சிறிய உடம்பு, பராமரிப்புச் செலவு குறைவு. பசித்த நாட்களில் தைராய்டு ஹார்மோன் இறங்கி உடம்பும் சிக்கனத்துக்குப் பழகியிருக்கும். இதை ஈடுசெய் வளர்ச்சி என்பார்கள். ஆனால் ஆறேழு வாரக் கணக்கில் ஓடிப்பிடிக்க நாள் போதாமல் போகலாம். அளவில்லாமல் போட்டால் குறைத்த கொழுப்பும் திரும்பி வரும்.

கடைசி இரண்டு வாரம் குறைத்தால் கொழுப்பு நன்றாகக் குறையும். ஆனால் நெஞ்சுக்கறி ஏறுவதும் அதே நாட்களில்தானே! புரதத்தைத் தொடாமல் தவிடு கலந்து எரிசக்தியை மட்டும் குறைப்பது நல்ல யோசனைபோலத் தெரியும். வாத்து விடுமா? கூடத் தின்று ஈடுகட்டிவிடும்.

கறியின் தரம் இன்னொரு கணக்கு. அறுத்த பின் தசையில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து லாக்டிக் அமிலமாகி, 7 அளவில் இருந்த பிஎச் (அமிலம் கூடினால் இறங்கும் எண்) 6-ஐ ஒட்டி இறங்கும். கடைசிவரை பசியில் இருந்த வாத்தில் கிளைக்கோஜன் குறைவு, பிஎச் அவ்வளவு இறங்காது. கறி இன்னும் கருஞ்சிவப்பாகத் தெரியும், நீரைப் பிடித்துக்கொள்ளும், சீக்கிரமும் கெடும். தசைக்குள் இருக்கும் கொழுப்பும் குறைந்தால் வாசனையும் சாறும் குறையும். எடைக்கு வரக் கூடுதல் நாள் வளர்த்தால், வயதோடு தசையைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் புரதப் பின்னல் இறுகிக் கறி கொஞ்சம் கடினமாகும்.

இவ்வளவும் எல்லா வாத்தும் சமமாகத் தின்றால்தான். தொட்டியில் இடம் பற்றாவிட்டால் பலசாலிகள் முண்டியடித்து முழு வயிறு தின்னும். ஓரத்தில் நிற்பவை குறைத்ததற்கும் மேல் குறைத்துத் தின்னும். மந்தையின் சராசரி எடையில் இது தெரியாது. ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்துப் பார்க்க வேண்டும்.