மதில் கட்டுவதற்கு முன் வெள்ளம் போகும் வழியைப் பாருங்கள்

2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழை கொட்டிய கிழமை, எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. மழை விட்டும் வடியவில்லை. மண்வெட்டியோடு கோடிவரை போய்ப் பார்த்தோம். மதகின் வாயை மறித்து ஒரு புது மதில். அடியில் ஒரு கல்லளவு துவாரம்கூட விடவில்லை. ஓட்டை போட்டபின் மாலைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் பெரிய ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஆகவே மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்க வேண்டும், குளத்தில் தங்க வேண்டும், அல்லது வெள்ளவாய்க்காலால் கடலுக்கோ கடனீரேரிக்கோ போக வேண்டும். வளவு முழுக்கச் சீமெந்து போட்டு, வாய்க்காலையும் மூடினால் அது வீட்டுக்குள்தான் வரும். மலசலகூடக் குழியும் நிரம்பிக் கிணற்றோடு கலக்கும். எனக்குப் பெரிய பயம் அதுதான்.

'பிளான் பாஸ் பண்ணுவது' வெறும் கடதாசி வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் இதற்கு அடிப்படை. கட்டுவதற்கு முன் உங்கள் மாநகர சபையிலோ நகர சபையிலோ பிரதேச சபையிலோ அனுமதி எடுக்க வேண்டும். மதில் விஷயத்தையும் அங்கேயே கேளுங்கள். கட்டி முடிந்ததும், அனுமதித்த வரைபடப்படியே கட்டியிருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழை (சி.ஓ.சி.) எடுக்க மறக்க வேண்டாம். வரைபடத்தில் தண்ணீர் வெளியேறும் வழியைக் காட்டச் சொல்லி வரைபவரிடம் நீங்களே கேளுங்கள்.

வயல் காணி என்றால் கதை வேறு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது. டிப்பரில் கிரவல் பறிக்க முதல் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள்.

கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் உண்டு. சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர்வரை கரையோர வலயம். கடலோடு தொடுக்கும் நீரேரிப் பக்கம் எல்லை இன்னும் உள்ளே வரலாம். அங்கே கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு, கிழக்கில் 200 மீற்றர் இடைவெளி என்று அறிவித்துப் பின்னர் தளர்த்தினார்கள். அதை வைத்து "இப்ப ஒண்டும் இல்லை" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 300 மீற்றர் விதி அதற்கு முன்னரே இருந்தது.

சரி, வெள்ளம் வந்துவிட்டால்? அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிலையம் அது. வீடு சேதமானால் துப்புரவாக்க முதல் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய வேண்டும். விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) அன்றே பதியுங்கள். அவருடைய அறிக்கை பிரதேச செயலகத்துக்குப் போகும். பதிந்த திகதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விசாரிக்கப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.