டப்பாவில் "20 நானோமீட்டர்" என்று இருந்தால் போதுமா?

வடசென்னையில் மணலி, விச்சூர் பக்கத்துச் சிறு பெயின்ட், கோட்டிங் யூனிட்டுகளில் இருந்து பரிசோதனைக் கூடத்துக்கு நானோ பவுடர் கொண்டு வருகிறவர்கள் நேராக விஷத்தன்மைப் பரிசோதனைக்குத்தான் அவசரப்படுகிறார்கள். சப்ளையர் கொடுத்த தாளில் அளவு, தூய்மை எல்லாம் இருக்கிறதே, மறுபடி எதற்கு அளக்க வேண்டும் என்கிறார்கள். செலவு அவர்களுடையது, கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் எதைச் சோதித்தோம் என்றே தெரியாத ரிப்போர்ட்டை வைத்து "ஆபத்தில்லை" என்றும் சொல்ல முடியாது, "ஆபத்து" என்றும் சொல்ல முடியாது.

அளவு மாறினால் கணக்கே மாறிவிடும். ஒரே எடைப் பவுடர், 2 மைக்ரான் (2,000 நானோமீட்டர்) உருண்டைகளாக இருப்பதைவிட 20 நானோமீட்டர் உருண்டைகளாக இருந்தால் மேற்பரப்பு 100 மடங்கு. உடலைத் தொடுவது அந்த மேற்பரப்புதான். டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 2011-இல் பரிந்துரைத்த வேலையிட வரம்பு, சாதாரண நுண்தூளுக்குக் கன மீட்டர் காற்றில் 2.4 மில்லிகிராம்; நானோ தூளுக்கு 0.3. முகத்தில் கர்ச்சீஃப் கட்டிக்கொண்டு மூட்டை பிரிக்கிறவரிடம் இதை யார் சொல்கிறார்கள்?

சப்ளையர் தாளில் இருக்கும் எண் பெரும்பாலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், உலர்ந்த நிலையில் பார்த்தது. பொய்யில்லை. ஆனால் சோதனையில் மீனுக்கோ செல்லுக்கோ நாம் கொடுப்பது நீரில் கலந்த துகளை. எண்ணூர் கழிமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். ஓதம் ஏறி இறங்க, உப்பும் ஏறி இறங்கும். துகள்கள் ஒட்டாமல் விலகி நிற்பதற்குப் பெரும்பாலும் அவற்றின் மேற்பரப்பு மின்னேற்றம்தான் காரணம். உப்பு அந்த மின்விசையை அடக்கிவிடும். துகள்கள் சேர்ந்து கட்டியாகி அடியில் படியும். மேலே நீந்தும் மீனுக்குப் போவது குறைந்து, சேற்றில் கிடக்கும் நண்டுக்கும் புழுவுக்கும் போவது கூடும். காய்ச்சி வடித்த நீரில் எடுத்த அளவை வைத்து இந்தத் தண்ணீருக்கு முடிவு சொல்வது வீண். சோதனை நடக்கும் அதே திரவத்தில், தொடக்கத்திலும் முடிவிலும் அளக்க வேண்டும்.

அதற்கு டி.எல்.எஸ். கருவி இருக்கிறது; திரவத்தில் துகள்கள் சிதறடிக்கும் ஒளியை வைத்து அவற்றின் அளவைக் கணிக்கும். ஆனால் அதையும் கண்மூடி நம்ப முடியாது. சிறு துகள்கள் சிதறடிக்கும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் கூடும். 50 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகளைவிட 15,000 மடங்குக்கு மேல் ஒளியைச் சிதறடிக்கும். நாலு கட்டி கிடந்தாலே சராசரி எங்கோ போய்விடும். நுண்ணோக்கிப் படத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

சில்வரும் ஜிங்க் ஆக்சைடும் வேறு வகைத் தொல்லை: கரையும். செல் செத்தால் அது துகளாலா, கரைந்து வந்த உலோக அயனியாலா? துகளைப் பிரித்தெடுத்துவிட்டு, மிஞ்சிய திரவத்தை மட்டும் தனியாக ஒரு செல் குழுவுக்குக் கொடுத்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. பல ரிப்போர்ட்டுகளில் இந்த ஒப்பீட்டுக் குழுவைக் காணோம், ஆனால் முடிவு மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

பவுடரில் ஒட்டிவரும் எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நச்சு அழற்சியை உண்டாக்கி, பழியைத் துகள் மேல் போட்டுவிடும். அதையும் பார்த்துவிட வேண்டும். கார்பன் நானோகுழாய், செல் உயிரோடிருக்கிறதா என்று காட்டும் சோதனைச் சாயத்தையே பிடித்து வைத்துக்கொள்ளும். உயிரோடிருக்கும் செல்லும் செத்ததாகக் கணக்கில் வரும்.

சாம்பிள் கொடுக்கும்போது பேட்ச் எண், மேல்பூச்சு என்ன, டப்பா எப்போது திறந்தது, ஈரக்காற்றில் எவ்வளவு நாள் இருந்தது என்பதை எழுதிக் கொடுங்கள். சோதனை முழுவதற்கும் ஒரே பேட்ச் போதுமான அளவு வேண்டும். பாதியில் தீர்ந்து அடுத்த பேட்ச் வாங்கினால், அளப்பதை முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.