சோயாவில் பிறந்த நொதி ரத்தக்கட்டியைக் கரைக்குமா?

நாட்டோவைக் குச்சியால் கிளறித் தூக்கினால் சிலந்தி நூல் மாதிரி இழை இழையாக நீளும். அவித்த சோயாவில் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவை விட்டு ஒரு நாள் வெதுவெதுப்பாக வைத்தால் நாட்டோ தயார். ஜப்பானில் காலையில் சுடுசோற்றின் மேல் போட்டுச் சாப்பிடுவார்கள்.

1980இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஹிரோயுகி சுமி, கண்ணாடித் தட்டில் உறையவைத்த ஃபைப்ரின் மேல் கொஞ்சம் நாட்டோவை வைத்துப் பார்த்தார். வைத்த இடத்தைச் சுற்றி ஃபைப்ரின் கரைந்துபோனது. கரைத்த நொதிக்கு நாட்டோகைனேஸ் என்று பெயர் வந்தது. 1987இல் அது ஆய்விதழில் வெளியானது. இன்று 'ரத்த ஓட்டத்துக்கு', 'இளமைக்கு' என்று விற்கும் பல மாத்திரைகளில் இருப்பது இதுதான்.

ஃபைப்ரின் என்பது என்ன? அரிவாள்மணையில் விரல் பட்டுவிட்டால் ரத்தம் சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறதே, அது ஃபைப்ரின் செய்யும் வேலை. ரத்தத்தில் கரைந்து ஓடும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைத் த்ராம்பின் நொதி நறுக்கும். நறுக்கிய துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து ஃபைப்ரின் வலையாகும், சிவப்பணுக்கள் அதில் சிக்கும். காயம் ஆறியதும் பிளாஸ்மின் என்ற இன்னொரு நொதி வந்து வலையை வெட்டும். வயதாக ஆக ஃபைப்ரினோஜன் கூடுகிறது, பிளாஸ்மின் உருவாவதைத் தடுக்கும் புரதமும் கூடுகிறது. அதனால்தான் அறுபதைத் தாண்டியவர்கள் இந்த மாத்திரையைத் தேடுகிறார்கள். நாட்டோகைனேஸும் அதே வலையை வெட்டக்கூடியதுதான்.

சரி, வாய் வழியாகப் போனால்? நொதியும் ஒரு புரதம். 275 அமினோ அமிலங்கள் ஒரு குறிப்பிட்ட விதத்தில் மடிந்திருந்தால்தான் அதற்கு வெட்டத் தெரியும். இரைப்பையின் அமிலம் அந்த மடிப்பைக் குலைக்கும், பெப்சின் அதையே உணவாக எண்ணிச் செரிக்கும். சில நிறுவனங்கள் அமிலம் தாங்கும் பூச்சு போடுகின்றன. அப்படிக் குடல்வரை தப்பிப் போனாலும், இவ்வளவு பெரிய மூலக்கூறு குடல் சுவரைத் தாண்டுவது கடினம். மாரடைப்புக்குத் தரும், கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸை நேராக ரத்தக்குழாயில் ஏற்றுவது இதனால்தான்.

அதற்காக விளைவே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. 2015இல் வந்த சிறு ஆய்வில், ஒரே வேளை மாத்திரை எடுத்த 12 இளைஞர்களின் ரத்தத்தில் ஃபைப்ரின் உடைந்த துணுக்குகள் சில மணி நேரத்தில் கூடின. ஆனால் அமெரிக்காவில் 265 பேருக்குச் சுமார் மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த சோதனை 2021இல் வெளியானபோது, கழுத்துத் தமனிச் சுவர் தடிப்பதை நாட்டோகைனேஸ் குறைக்கவில்லை என்று தெரிந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. தட்டில் கரைந்தது வெறும் ஃபைப்ரின். தமனியில் படிவது கொழுப்பு, சுண்ணாம்பு, செல்கள் எல்லாம் சேர்ந்து சுவருக்குள்ளேயே இறுகிப்போன ஒன்று. 'அடைப்பைக் கரைக்கும்' என்று எழுதுபவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

என் கவலை வேறு. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரெலோ எடுப்பவர்கள் இதையும் சேர்த்துப் போட்டால் ரத்தக்கசிவு வரலாம். 'இது சத்து மாத்திரைதானே' என்று டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். பல் பிடுங்கப் போனாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்புறம், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் நாட்டோ உணவையும் தொடக்கூடாது. அதில் வைட்டமின் கே2 ஏராளம். அது வார்ஃபரினுக்கு நேர் எதிராக, ரத்தம் உறையத் துணைபோகும்.