ஓட்டையைப் பார்த்து வண்டை அறிவது

காவிரி டெல்டாவில், கொல்லை மாமரத்தின் அடியில் மரத்தூளும் சக்கையும் குவிந்து கிடந்தால், வண்டைக் கண்ணால் காணாமலே தண்டுத் துளைப்பான் உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். துளைக்குள் கொக்கிக் கம்பியை விட்டு இழுத்தால் தடித்த வெண்ணிறப் புழு வெளியே வரும். நீளக்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பூச்சியை நாம் அழிப்பதற்காகத் தேடுகிறோம். ஸ்வீடனின் பழமையான பைன் காடுகளிலோ, அதே குடும்பத்தின் அரிய இனமான டிராகோசோமா டெப்சாரியத்தைக் காப்பதற்காகத் தேடுகிறார்கள்.

அந்த வண்டு வெளியே உலவுவது கோடையின் சில வாரங்களில், அதுவும் இரவில். புழுப் பருவத்தை, விழுந்து பட்டை உதிர்ந்து வெயில் படும்படி கிடக்கும் பருத்த பைன் மரத்துக்குள் பல ஆண்டுகள் கழிக்கிறது. ஆகவே கணக்கெடுப்பவர் விழுந்த மரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து, வளர்ந்த வண்டு வெளியேறிய நீள்வட்ட ஓட்டைகளைத் தேடுகிறார். விளிம்பு கூர்மையாகவும் உட்புற மரம் வெளிறியும் இருந்தால் ஓட்டை புதியது. வெயிலிலும் மழையிலும் சாம்பல் நிறமேறி விளிம்பு மழுங்கியிருந்தால் பழையது. பணியின் உயிர்நாடியே இந்த வேறுபாடுதான், ஏனெனில் பழைய ஓட்டைகள் மட்டுமே உள்ள மரத்தை வண்டு எப்போதோ கைவிட்டிருக்கலாம்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் காண்டாமிருக வண்டுக்கு வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியைப் போன்ற ஒன்று இங்கும் உதவும். தென்னை வண்டில் ஆண் வெளியிடும் மணத்துக்கு இரு பாலும் வரும். டிராகோசோமாவில் பெண் மணம் பரப்ப, ஆண்கள் தேடி வருகின்றன. ஆனால் பறந்து வந்த ஆண் எந்த மரத்தில் பிறந்தது என்பதைப் பொறி சொல்லாது. ஓட்டை சொல்லிவிடும்.

கண்ணில் படாததால் மட்டும் வண்டு இல்லை என்று எழுதிவிட முடியாது. ஒரே மரத்தை இருவர் தனித்தனியே பார்த்து, ஒருவர் கண்டதை மற்றவர் எத்தனை முறை தவறவிட்டார் என்று ஒப்பிட்டால்தான், இருவருமே தவறவிட்டவை எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட இயலும்.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் சாய்த்த தென்னைகளை நாம் அவசரமாக அகற்ற வேண்டியிருந்தது. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகும் என்ற அச்சம் நியாயமானது. பைன் காட்டிலோ விழுந்த மரமே அரிய வண்டின் வீடு. அந்த மரம் பருத்து முதிர்ந்து, விழுந்து, பட்டை உதிர்க்கும் வரை விட்டுவைக்கப்பட்டிருக்க வேண்டும். அதனால்தான் கணக்கெடுப்புப் படிவத்தில் ஓட்டைகளின் எண்ணிக்கையோடு மரத்தின் பருமன், பட்டையின் நிலை, வெயில் படும் அளவு ஆகியவையும் குறிக்கப்படுகின்றன. ஓர் ஓட்டைகூட இல்லாத மரத்துக்கும் அதே விவரங்கள் நிரப்பப்படுகின்றன.