ஆளில்லாத வீட்டில் கேட்கும் காலடி

இரவு பதினொரு மணிக்கு மேல் மரப்படியில் 'மடக்'கென்று ஒரு சத்தம் கேட்கிறது. வீட்டில் நான்கு பேர் இருந்தால் அந்தச் சத்தத்துக்கு உடனே ஓர் உரிமையாளர் கிடைத்துவிடுகிறார். யாரோ தண்ணீர் குடிக்க எழுந்திருப்பார்கள் என்று நினைத்து, நினைத்ததையும் மறந்து, நாம் தூங்கிப்போகிறோம். பகல் வெப்பத்தில் விரிந்த மரம் இரவுக் குளிரில் சுருங்கும்போது எழும் அதே சத்தம், நாம் மட்டும் இருக்கும் வீட்டில் உரிமையாளர் இல்லாத சத்தமாகிவிடுகிறது. பேய் அனுபவங்கள் தனியாக இருப்பவர்களுக்கே அதிகம் நேர்கின்றனவா என்ற கேள்வியை இந்தப் படிக்கட்டிலிருந்து தொடங்குவதே சரியென்று நினைக்கிறேன். சத்தம் இரண்டு இரவுகளிலும் ஒன்றுதான்; அதற்கு எளிதில் கிடைத்துவந்த விளக்கத்தைத்தான் தனிமை எடுத்துவிடுகிறது.

கண்ணும் காதும் அனுப்பும் அரைகுறைத் தகவலை, தான் முன்பே வைத்திருக்கும் எதிர்பார்ப்போடு சேர்த்து, இது இன்னதாக இருக்கக்கூடும் என்று மூளை ஊகிக்கிறது. தகவல் குறையக் குறைய ஊகத்தின் பங்கு கூடுகிறது. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்ற பழமொழி இருட்டுக்கு முன்னால் அச்சத்தை வைத்திருப்பது மிகச் சரியான வரிசை. வந்தது மனிதனா, வெறும் நிழலா என்று தெரியாதபோது, நிழலை மனிதன் என்று எண்ணி ஏமாறுவதால் பெரிய இழப்பில்லை, மனிதனை நிழல் என்று எண்ணி அசட்டையாக இருப்பதோ உயிருக்கே ஆபத்தாகலாம். கூட்டத்தில் இருப்பவருக்கு இந்தக் காவல் பணி பலரிடையே பகிரப்படுகிறது. தனியாக இருப்பவர் அதை முழுவதும் தாமே சுமக்கிறார்.

கண்ணின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. ஆகவே இருட்டில் ஓரக்கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை நேராகத் திரும்பிப் பார்த்தால், அது உண்மையிலேயே அங்கு இருக்கும் பொருளாயினும், மறைந்துபோகலாம்.

பிரிட்டிஷ் பொறியாளர் விக் டாண்டி, தமக்கு நேர்ந்ததை 1998இல் ஒரு கட்டுரையில் எழுதினார். மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் ஆய்வகத்தில் அவர் ஓர் இரவு தனியாக வேலை செய்துகொண்டிருந்தபோது உடல் குளிர்ந்து வியர்த்தது. பார்வையின் ஓரத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்று மெல்லத் திரண்டது. துணிந்து திரும்பியதும் அது கரைந்துபோனது. மறுநாள், வாள்வீச்சுப் போட்டிக்காகத் தம் மெல்லிய வாளைப் பட்டறை வைஸ் என்னும் பிடிகருவியில் இறுக்கி வைத்தவர், யாரும் தொடாமலே அதன் அலகு அதிர்வதைக் கண்டார். தேடியபோது, புதிதாகப் பொருத்திய எக்ஸாஸ்ட் ஃபேன், நொடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வுகள் கொண்ட, காதுக்கு எட்டாத குற்றொலியை அந்த அறையில் தேக்கி வைத்திருந்தது தெரியவந்தது. குற்றொலியால் பேய் உணர்வு எழும் என்பதைப் பிந்தைய சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை. எனினும், விளக்கத்தைத் தேடி மறுநாளும் அதே அறையில் நின்ற அவருடைய பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் அருகில் ஆள் இருந்தாலே இவ்வுணர்வு வராது என்று சொல்லிவிட முடியாது. வலிப்பு நோய்க்கான அறுவைக்கு முன் ஒரு பெண்ணுக்குச் செய்த பரிசோதனையை, நரம்பியல் ஆய்வாளர் ஓலாஃப் பிளாங்கவின் குழு 2006இல் விவரித்தது. அவருடைய மூளையின் இடப்பக்கத்தில், பொட்டு மடலும் உச்சி மடலும் சந்திக்கும் இடத்தை மின்சாரத்தால் தூண்டியதும், தம் முதுகுக்குப் பின்னால் ஒருவர் இருப்பதாக உணர்ந்தார். அவர் படுத்தால் அந்த நிழலும் படுத்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அதுவும் உட்கார்ந்து அவரைக் கட்டிக்கொண்டது. அவர் உணர்ந்தது தம் சொந்த உடலையே, இடம் மாறிய நிலையில். 2014இல் அதே குழு நோயற்றவர்களின் கண்ணைக் கட்டி, அவர்கள் முன்னால் கையை நீட்டும்போது ஒரு ரோபோ அவர்கள் முதுகைத் தொடும்படி செய்தது. அத்தொடுகை அரை நொடி தாமதமானபோது, பின்னால் யாரோ நிற்பதாகச் சிலர் உணர்ந்தார்கள்; சோதனையை நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு.

1916இல் தெற்கு ஜார்ஜியா தீவின் பனிமலைகளை 36 மணிநேரம் நடந்து கடந்த துருவப் பயணி ஷாக்கில்டன், தங்கள் மூவரோடு நான்காவதாக ஒருவர் வந்ததாகத் தோன்றியதென்று எழுதினார். 1933இல் எவரெஸ்டில் தனியாக ஏறிய ஃபிராங்க் ஸ்மைத், தம்மிடமிருந்த புதினா மிட்டாயை இரண்டாக்கி, உடன் வராத துணைக்கு ஒரு பாதியை நீட்டினார். ஒருவர் தனியாக இருந்தார், மற்றவருக்கு இரண்டு தோழர்கள் இருந்தார்கள்; களைப்பும் குளிரும் இருவருக்கும் பொதுவாக இருந்தன.

எண்ணிப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் தனித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி இரவும் படுக்கையுமாகவே கழிகிறது. விழிப்பு வந்தும் உடல் அசையாமல், மார்பை யாரோ அழுத்துவதாகத் தோன்றும் உறக்க முடக்கம், நூற்றில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் வருகிறது. அருகில் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தாலும் அது ஒருவருக்கே தெரிகிறது. தனிமையின் விளைவையும் இரவின் விளைவையும் பிரிக்காமல் கதைகளை மட்டும் எண்ணினால், பழி முழுவதும் தனிமையின்மீதே விழும்.

இதைப் பிரித்துப் பார்க்க உதவும் ஆய்வு 1971இல் வெளிவந்தது. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரை நேரில் கண்டு பேசினார். ஏறத்தாழ பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதை உணர்ந்ததாகவோ, அவரைப் பார்த்ததாகவோ, குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். பிறரோடு பழகாமல் ஒதுங்கி வாழ்ந்தவர்களுக்கு இது அதிகமாக நேரவில்லை. மணவாழ்க்கை நீண்டிருந்தவர்களுக்கும் மகிழ்ச்சியாக இருந்தவர்களுக்குமே அதிகம் நேர்ந்தது. பல ஆண்டுகளாக வீட்டின் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் ஆளை உரிமையாளராக வைத்திருந்த மூளை, அவர் போன பின்பும் படிக்கட்டுச் சத்தத்தை அவர் பெயரிலேயே எழுதுகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அவர்களில் பலருக்கு அது ஆறுதலாக இருந்தது. ரீஸ் வந்து கேட்கும்வரை, பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.