மூச்சு விடும்போது நாடி ஏன் தளர்கிறது?

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி மகன் கண்டிப் பக்கம் பத்து நாள் விபஸ்ஸனா என்ற பௌத்தத் தியான முகாமுக்குப் போய் வந்திருக்கிறான். "மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தன் மாமி, நெஞ்சுத் துடிப்பு தானாக் குறைஞ்சு போச்சு" என்கிறானாம். இது உண்மையா, பொடியன் புளுகுகிறானா என்பது அவர் கேள்வி.

புளுகவில்லை. ஆனால் நாடிக்குப் போகுமுன் முகாம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பௌத்தம் என்றாலே நம் பக்கத்து ஆட்களுக்குத் தொல்பொருள் திணைக்களத்தின் பலகையும் காணிச் சண்டையும்தான் முதலில் ஞாபகம் வரும். அந்த வழக்குகள் தனியே நடக்கட்டும். அம்பாறையில் ராஜகல மலைக்கு ஏறியவர்கள், குகைகளின் நெற்றியில் மழைநீர் உள்ளே ஒழுகாதபடி வெட்டிய விளிம்பையும் அதன் கீழே பிராமி எழுத்தையும் பார்த்திருப்பார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பிக்குகளின் இருப்பிடம் அது. அவர்கள் செய்ததன் ஒரு பகுதியை மஜ்ஜிம நிகாயம் என்ற பாலி மொழிப் பௌத்த நூலின் 118ஆவது சூத்திரம் சொல்கிறது: நீண்ட மூச்சை நீண்டது என்று அறி, குறுகிய மூச்சைக் குறுகியது என்று அறி. மூச்சை அடக்கு, எண்ணிக்கையைக் குறை என்று அங்கே கட்டளை இல்லை.

பத்து நாள் என்ற இன்றைய வடிவம் பர்மாவிலிருந்து வந்தது. அங்கே தியானம் கற்பித்த ஊ பா கின்னின் மாணவர் கோயங்கா 1969இல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கினார். அவர் வழியில் நடக்கும் முகாமில் அதிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். பேச்சு, போன், புத்தகம் எதுவும் இல்லை. முதல் மூன்று நாளும் மூக்குத் துவாரத்தில் மூச்சு வந்து போவதைக் கவனிப்பதுதான் வேலை. இன்னொரு பர்மிய ஆசிரியரான மகாசி சயாடோ என்ற பிக்குவின் வழியில் வயிறு எழுந்து தாழ்வதைக் கவனிக்கச் சொல்வார்கள். அசையாமல், பேசாமல் நெடுநேரம் இருக்கும் உடம்புக்கு அதிகக் காற்று தேவைப்படாது. யாரும் சொல்லாமலே மூச்சு நீளும்.

ஒரு தவறான விளக்கத்தை இங்கேயே கழித்துவிடலாம். "ஆழ்ந்த மூச்சால் ஒட்சிசன் நிறையக் கிடைக்கிறது, அதனால்தான் அமைதி" என்று யோகா வகுப்பிலிருந்து வாட்ஸ்அப் வரை சொல்கிறார்கள். ஆரோக்கியமான ஒருவரின் தமனி இரத்தம் சும்மா இருக்கும்போதே 95 வீதத்துக்கு மேல் ஒட்சிசனால் நிரம்பியிருக்கும். அதற்கு மேல் ஏற்ற அங்கே பெரிதாக இடமில்லை.

இனி நாடி. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஐந்து விநாடி மூச்சை உள்ளே இழுங்கள், ஐந்து விநாடி வெளியே விடுங்கள். இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கும், விடும்போது விலகும். இளம் வயதினருக்கு இது நன்றாகத் தெரியும், வயது ஏற ஏற மங்கும். ஜேர்மன் உடற்றொழிலியலாளர் கார்ல் லூத்விக் 1847இலேயே இதைக் கருவி வைத்துப் பதிந்தார். இது நோயல்ல. சொல்லப்போனால் இந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் போனால்தான் டாக்டர் கவலைப்படுவார். சலரோகம் நாள்பட்டு இதயத்துக்குப் போகும் நரம்புகளைத் தாக்கியிருக்கிறதா என்று பார்க்க, நோயாளியை நிமிடத்துக்கு ஆறு மூச்சு விடச் சொல்லி ஈசிஜி எடுப்பார்கள். கூடிய துடிப்புக்கும் குறைந்த துடிப்புக்கும் இடையே நிமிடத்துக்குக் குறைந்தது 15 வித்தியாசம் இருந்தால் நல்லது, 10க்குக் கீழே போனால் நரம்பில் கோளாறு என்பது பழைய கணக்கு.

அந்த நரம்பு வேகசு. மூளைத்தண்டில் கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் என்று எல்லாவற்றையும் தொட்டுப் போகும். இதயத்தைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 தடவை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தியவர்களிடம் இதைப் பார்க்கலாம்: நரம்பு துண்டிக்கப்பட்டிருப்பதால் ஓய்வில்கூட வேகமாக ஓடும். நமக்கு 70 என்று இருக்கிறதே, அது வேகசு இரவும் பகலும் அடக்கி வைத்திருப்பதால்.

எப்படி அடக்குகிறது என்பதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒஸ்திரியாவில் ஓட்டோ லூவி என்பவர் ஈஸ்டர் காலத்து ஓர் இரவில் கனவு கண்டு விழித்து, பரிசோதனை ஒன்றைத் துண்டுக் கடதாசியில் கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். விடிந்து பார்த்தால் தன் கையெழுத்து தனக்கே விளங்கவில்லை. அடுத்த இரவு அதே கனவு. இம்முறை எழுதி வைக்கவில்லை. எழுந்து நேரே ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள் உப்புநீரில் துடித்துக்கொண்டிருந்தன. ஒன்றின் வேகசைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து மற்ற இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் தளர்ந்தது. நரம்பு தன் செய்தியை ஒரு இரசாயனத்தின் மூலம்தான் அனுப்புகிறது என்று அதனால் தெரிந்தது. 1921இல் வெளியிட்டார், 1936இல் நோபல் பரிசு பெற்றார். அந்த இரசாயனம் அசற்றைல்கோலின்.

இதன் அழகு அதன் அற்ப ஆயுளில் இருக்கிறது. சுரந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். ஒன்றிரண்டு துடிப்புக்குள் பிடி தளரும். பயத்தில் இதயத்தை விரட்டும் நோர்அட்ரினலின் அப்படியல்ல, பிடிக்கவும் விடவும் பல விநாடி எடுக்கும். ஒரு மூச்சுக்குள்ளேயே நாடியைக் கூட்டிக் குறைக்க வேகசால் மட்டுமே முடிவது அதனால்தான். மூச்சை இழுக்கும்போது, மூளைத்தண்டின் மூச்சு நரம்பணுக்கள் பக்கத்திலுள்ள வேகசு அணுக்களை வாயடைக்கின்றன. விடும்போது அவை மறுபடி பேசத் தொடங்குகின்றன. ஆகவே வெளிமூச்சு நீண்டால் வேகசு பேசும் நேரமும் நீளும்.

மூச்சின் தாளத்தைப் போடும் அணுக்கூட்டத்துக்கு முன்-பொட்சிங்கர் தொகுதி என்று பெயர். பொட்சிங்கர் என்பது ஜேர்மன் வைன் ஒன்றின் பெயர்! ஒரு மாநாட்டு மேசையில் நின்ற போத்தலைப் பார்த்து வைத்தார்களாம். மது தொடாத ஐந்தாம் சீலத்தை எடுத்துக்கொண்டு தியானத்தில் அமர்பவரின் மூச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. 2017இல் இத்தொகுதியின் ஒரு சிறு பகுதி நரம்பணுக்களை எலிகளில் நீக்கிப் பார்த்தார்கள். அவை மூச்சுத் திணறவில்லை. வழமைக்கு மாறாகச் சாந்தமாகி, உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு இருந்தன. மூளையை உசுப்பும் பகுதிக்கு மூச்சின் வேகத்தை எடுத்துச்சொல்லும் அணுக்கள் அவை.

நிமிடத்துக்கு ஆறு என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. இரத்த அழுத்தம் ஏறினால் உடம்பு அதை இறக்கும், இறங்கினால் ஏற்றும். இந்தத் திருத்தம் சில விநாடி தாமதமாக வருவதால் அழுத்தம் சுமார் பத்து விநாடிக்கு ஒருமுறை ஆடிக்கொண்டே இருக்கிறது. மூச்சும் பத்து விநாடிக்கு ஒன்றாக வந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியது போல ஆட்டம் பெரிதாகும், அழுத்தத்தைக் காக்கும் அனிச்சையும் கூர்மையாகும். இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் 2001இல் 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு இதைக் காட்டியது. ஒருமுறை லத்தீனில் ஜெபமாலை, ஒருமுறை 'ஓம் மணி பத்மே' மந்திரம். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறளவில் வந்து நின்றது.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆதங்கம். புளியந்தீவில் ஜெபமாலை, காத்தான்குடியில் திக்ர், திருக்கோவிலில் அரோகரா, அம்பாறைக் காட்டில் பிக்குகளின் பிரித். இவ்வளவையும் பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் வைத்திருக்கும் மாகாணம் இது. ஒரு ஈசிஜி கருவியும் மூச்சை அளக்கும் நெஞ்சுப் பட்டியும் போதும், கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் அளந்துவிடுவார்கள். மண்டபத் திறப்பு விழாவுக்குச் செலவழிக்கும் காசில் பாதி கொடுத்தால் போதும். அளக்காத இடத்தில் வியாபாரிதான் குடியேறுவான்: வேகசைத் தட்டி எழுப்பும் காப்பு, சக்கரம் திறக்கும் கல்லு என்று இப்போதே விற்கிறார்கள்.

தியானத்தின் பலன் எவ்வளவு? 2014இல் 47 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, பதற்றமும் மனச்சோர்வும் வலியும் ஓரளவு குறைவதாகச் சொன்னது. உடற்பயிற்சி, மருந்து போன்ற மற்றச் சிகிச்சைகளைவிட மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே பிரஷர் குளிசையை யாரும் நிறுத்தவேண்டாம்.

இன்னொன்று. யுத்தமும் 2004 கடலும் பார்த்த சனம் நாங்கள். பத்து நாள் மௌனத்தில் மூச்சு மட்டும் மேலே வராது, மற்றதும் வரும். சிலருக்கு அது தாங்க ஒண்ணாமல் போய்விடும். விண்ணப்பப் படிவத்தில் மனநோய் பற்றிக் கேட்பார்கள். வெட்கப்பட்டு மறைக்காமல் உள்ளதை எழுதுங்கள், மருந்து எடுப்பவர்கள் முதலில் டாக்டரிடம் பேசுங்கள். பத்து நாள் வேண்டாம் என்று அவர் சொன்னால், கண்ணைத் திறந்தபடி பாதத்தைக் கவனித்து நடக்கும் நடைத்தியானத்தை வீட்டு முற்றத்தில் பத்து நிமிடம் செய்து பார்க்கலாம், கூட ஒருவர் இருக்க.